கெளுத்தியின் வீடு

படம் போடும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார்: "சார், ஒரு பறவையை எங்கிருந்து தொடங்குவீர்கள்? அலகிலிருந்தா, வாலிலிருந்தா?" நான் பயத்திலிருந்து தொடங்குவேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. விரல் எத்தனை முன்னால், எத்தனை பின்னால் என்று பயம். இறக்கை மடங்கும் இடம் சரிதானா என்று பயம். அச்சாகிப் போன பிறகு எங்கோ ஓர் ஊரில் ஒரு குழந்தை அதைப் பார்த்து, காகம் இப்படித்தான் இருக்கும் என்று ஆயுசுக்கும் நம்பிவிடுமோ என்று பெரிய பயம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இந்தப் பயம் கூடுதலாகவே இருக்கும். படித்தவர் தப்புச் செய்தால் கைதவறியது என்பார்கள். நான் செய்தால், படிக்காதவன், அதனால்தான் என்பார்கள். அப்படி யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனாலும் சொல்வார்கள் என்றே இருப்பேன்.

கோடு இழுப்பதைப் பற்றியும் மை கலப்பதைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல என்னைவிட நல்லவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. குழந்தைகளுக்கான இயற்கைப் புத்தகத்தில் ஒரு கூட்டை வரைந்து முடித்ததும் ஒரு கேள்வி வரும். இதற்குள் யாரை உட்கார வைப்பது? அந்தக் கேள்வியால் எனக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கிடைத்தது சின்ன விஷயம் இல்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன்பு நான் திருவொற்றியூர்ப் பக்கம் தீப்பெட்டி லேபிளுக்கு மானும் கிளியும் வரைந்துகொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் ராயபுரத்தில் ஓர் அச்சகத்து முதலாளி என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். பள்ளிக்கூடங்களுக்கு மெல்லிய மெல்லிய புத்தகங்கள் போடுகிற அச்சகம். 'விலங்குகளின் வீடுகள்' என்று ஒரு வரிசை. பக்கத்துக்கு ஒரு பிராணி, அதன் வீடு, அதன் குடும்பம்.

அந்தக் காலத்துப் புத்தகங்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சீமைப் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் வரைவோம். அதில் அம்மா முயல் இடுப்பில் முன்துணி கட்டிக்கொண்டு அடுப்பைக் கிளறிக்கொண்டிருக்கும். நாங்கள் முன்துணியை எடுத்துவிட்டுச் சேலை கட்டுவோம். வளைக்குக் கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள், மேலே புகைபோக்கி. கூடு என்றால் உள்ளே அம்மா. எந்தப் பிராணியானாலும் சரி, உள்ளே அம்மா, அவள் காலடியில் குஞ்சுகள். அப்பா என்பவர் படத்தின் ஓரத்தில், பாதி உடம்பு சட்டத்துக்கு வெளியே, வாயில் ஒரு புழுவோடு நிற்பார். கொடுப்பார், போய்விடுவார். அவருக்கு அதற்கு மேல் வேலை இல்லை. ஏன் இப்படி என்று நான் யோசித்ததே கிடையாது. எல்லோர் வீடும் அப்படித்தானே என்று நினைத்தேன்.

அந்த வரிசைக்கு எழுதிக் கொடுத்தவர் ஒரு டீச்சரம்மா. பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரையும் 'நீர், உமக்கு' என்றுதான் பேசுவார். முதல் புத்தகத்துக்குக் காகக் கூடு வரைந்து கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன, நெத்தியில?"

"பொட்டும்மா."

"காகத்துக்கா?"

"ரெண்டும் கறுப்பா இருக்கு. எது அம்மான்னு பிள்ளைகளுக்குத் தெரியணும் இல்லீங்களா?"

"உமக்குத் தெரியுமா, எது அம்மான்னு?"

"தெரியாதும்மா."

"வரைஞ்ச உமக்கே தெரியலை. பிள்ளைகளுக்கு மட்டும் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? பொட்டு வச்சீரே, மத்ததுக்கு மீசை வைக்காம ஏன் விட்டீர்?"

அச்சுக் கோத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். என் காது சூடாகிவிட்டது. டீச்சரம்மா சிரிக்கவில்லை. படத்தை என் பக்கம் திருப்பி வைத்துச் சொன்னார்: "கூட்டுக்குள்ள யார் இருக்காங்கன்னு பார்த்துட்டு வாரும். பார்த்தும் தெரியலைன்னா 'காகம்'னு மட்டும் எழுதிக்கிடுறேன். அதுல ஒண்ணும் குறைஞ்சு போகாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி வரையறதுதான் குறைச்சல்."

பொட்டைச் சுரண்டி எடுத்தேன். அன்றிலிருந்து எந்தக் கூட்டை வரைந்தாலும் அந்தக் கேள்வி என் மேஜையில் உட்கார்ந்திருக்கும். இப்போது உங்கள் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. என் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். மூலக்கொத்தளத்து இடுகாட்டில் வைத்துவிட்டு வந்தோம். மகள் பொன்னுத்தாய்க்கு அப்போது பேச்சுக்கூடத் திருந்தவில்லை. கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் எங்கள் குடித்தனம். பக்கத்துப் போர்ஷனில் தேசம்மா. மீன் விற்பவர். அவர் புருஷன் கட்டுமரக்காரர். நான் அச்சகத்துக்குப் போகும்போது பொன்னு அவர்களிடம் இருப்பாள். தேசம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போகிற நேரத்தில் மட்டும் எதிர்வீடு, பின்வீடு என்று யாராவது பார்த்துக்கொள்வார்கள். யாருமே இல்லாத நேரமும் உண்டு. அந்த நேரத்தில்தான் என் கை மேஜையில் ஓடாது. கிணற்றடியில் இருப்பாளோ, தெருவில் மாட்டுவண்டி வருமோ, ரயில் ரோட்டுப் பக்கம் போய்விட்டாளோ. வரைகிற கூடு கோணிக்கொள்ளும்.

சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். குளிப்பாட்டக் கற்றுக்கொண்டேன். பின்னல்தான் வரவில்லை. தேசம்மாவின் புருஷன் வலைக்கயிறு திரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த நான், ஒரு நாள் அவரிடம் மூன்று புரி எப்படிச் சேர்ப்பது என்று கேட்டுக்கொண்டேன். அதே மாதிரி பொன்னுவுக்குப் பின்னிவிட்டேன். இறுக்கிப் பின்னியதில் பின்னல் கீழே தொங்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது. தேசம்மா அதைப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா நைனா இது? கொயந்தைக்கு ஜடை பின்னிக்கீறியா, மரத்தை இஸ்துக் கட்டறதுக்குக் கவுறு திரிச்சிக்கீறியா?"

"உங்க வீட்டுக்காரர்தான் சொல்லிக் கொடுத்தார்."

"அந்த ஆளுக்கு நங்கூரத்துக்கும் மண்டைக்கும் வித்தியாசம் தெரியாது. போயும் போயும் அவுராண்ட கத்துக்கினியே!"

என் மனைவிக்கு ஓர் அக்கா. கோவில்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். நான் மதினி என்று கூப்பிடுவேன். என் அப்பா தெற்கிலிருந்து வந்து இங்கே கடையில் நின்றவர். நான் பிறந்தது ராயபுரம் என்றாலும் உறவெல்லாம் அங்கேதான். மதினிக்கு மூன்றும் ஆண் பிள்ளைகள். தங்கை மேல் உயிராக இருந்தவர். காரியத்துக்கு வந்தபோதே சொன்னார்.

"தம்பி, கோவிச்சுக்கிடாதீக. பொம்பளப் பிள்ளைய ஆம்பளை எத்தனை நாளைக்குப் பாத்துருவீக? எங்கிட்ட விடுங்க. என் தங்கச்சிய வளத்த கை இது."

அதில் தப்பு என்ன இருக்கிறது? சொன்னது பாசத்தில் சொன்னது. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கூட்டுக்குள் அம்மா. அம்மா இல்லையென்றால் அம்மாவைப் போல ஒருத்தி. சட்டத்துக்கு வெளியே பாதி உடம்போடு நிற்கிற ஆளை நம்பி எந்தப் புத்தகத்திலும் குஞ்சு இல்லை. "ஆகட்டும் மதினி, பாப்போம்" என்றேன். அதை அவர் சரி என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன் போல. பள்ளிக்கூடங்கள் திறப்பதற்கு முன்னால் வந்து பொன்னுவைக் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு.

இந்தச் சமயத்தில்தான் டீச்சரம்மா அடுத்த புத்தகத்துக்கு ஒரு பக்கம் காலியாக விட்டிருந்தார். "கரடியும் கங்காருவும் போதும். இந்தக் கடற்கரைப் பிள்ளைகள் கரடியை எங்கே போய்ப் பார்க்கும்? உம்ம பக்கத்துக் கடல்ல எது குஞ்சு வளர்க்குது, விசாரிச்சு வாரும்" என்றார்.

எனக்கு உடனே பயம். மீனுக்கு வீடு ஏது? காலையில் தேசம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் கூடையிலிருந்து மீன்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். பொன்னு பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"மீனு இன்னாத்த வளக்கும்? முட்டையப் போட்டுட்டு அது பாட்டுக்குப் பூடும்" என்றவர், கொஞ்சம் யோசித்துக் கூடையின் அடியிலிருந்து ஒரு கெளுத்தியை எடுத்தார். மீசை வைத்த மீன், உங்களுக்குத் தெரியும். முள் குத்தாமல் பிடித்து, கட்டைவிரலால் வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து கோலிக்குண்டு மாதிரி, மஞ்சளாக, ஒன்று உருண்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. பொன்னு கைதட்டினாள்.

"தோ, இது ஒண்ணு கீது. வாய்க்குள்ளவே வச்சிக்கினு சுத்தும். முட்டை பொரிஞ்சி, குஞ்சு நீஞ்சக் கத்துக்கிற வரைக்கும் வுடாது. வலையில மாட்டுச்சின்னா பயத்துல துப்பிடும். அப்பிடியும் ஒண்ணு ரெண்டு உள்ளவே கெடக்கும்."

"அம்மா மீனுக்கு எவ்வளவு பாசம்!" என்றேன், படத்துக்கு வாசகம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில்.

"அம்மாவா? இது ஆம்பளை நைனா." அரிவாள்மணையில் வயிற்றைக் கீறிக் காட்டினார். "பாரு, சினை கீதா உள்ள? பொம்பளை முட்டையப் போட்டுட்டுப் பூடுச்சி. இதுதான் வாயில வாங்கி வச்சிக்கினு கீது. வாயி நெறைய புள்ளைய வச்சிக்கினு எப்டித் துன்னும்? மாசக்கணக்கா ஒண்ணும் துன்னாது. கொடலைப் பாரு, நூலு மாரி."

நான் பார்த்தேன். வயிறு முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. பொன்னு அந்த மஞ்சள் குண்டுகளை எடுத்து மறுபடி மீன் வாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தாள். "வூட்டுக்குப் போ, வூட்டுக்குப் போ" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னாள்.

டீச்சரம்மாவிடம் வந்து சொன்னேன். அவர் உடனே எழுதிவிடவில்லை. தனக்குத் தெரிந்த கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் போய்க் கேட்டு, ஆமாம் என்று தெரிந்துகொண்டு வந்த பிறகுதான் எழுதினார். "கெளுத்திக்கு அப்பாவின் வாய்தான் வீடு. குஞ்சுகள் வளரும்வரை அப்பா சாப்பிடுவதில்லை." அவ்வளவுதான் வாசகம். நான் மீனை ஒட்டிய வயிற்றோடு வரைந்தேன். வாயைக் கொஞ்சமாகத் திறந்து, உள்ளே இருட்டில் குண்டு குண்டாகத் தெரிகிற மாதிரி. கதவு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. வரைந்து முடித்தபோது என் பயம் சற்று நேரம் என்னை விட்டுவிட்டது. அது அபூர்வம். எல்லாம் பார்த்து வரைந்தது என்பதால் இருக்கலாம்.

கெளுத்திப் பக்கம் உள்ள பாரம், அதாவது ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் பக்கங்கள், அச்சேறுகிற நாளும் மதினி ஊருக்குக் கிளம்புகிற நாளும் ஒன்றாக வந்து அமைந்தன. மதினி மூலக்கொத்தளத்தில் உறவுக்காரர் கடை வீட்டில் தங்கியிருந்தார். சாயங்காலம் ரயில். மதியம் எங்கள் வீட்டுக்கு வந்து பொன்னுவைக் கூட்டிக்கொள்வதாக ஏற்பாடு. காலையில் அவள் துணிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இறுக்கிப் பின்னிவிட்டு, தேசம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேனோ என்று பயம்.

மிஷினில் பாரத்தைப் பூட்டி, பார்வைக்கு ஒரு தாள் எடுத்திருந்தார் காதர் பாய். அவர்தான் மிஷின் ஓட்டுபவர். அந்தச் சமயம் பார்த்து ஏஜென்ட் வந்தார். பள்ளிக்கூடங்களுக்கு எங்கள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பவர் அவர்தான். அவர் வேண்டாம் என்றால் அந்த வருஷம் புத்தகம் குடோனில் கிடக்கும். ஈரம் காயாத தாளைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"முதலாளி, என்ன இது? அப்பா வாயில குஞ்சா?"

"ஆமா. நம்ம கெளுத்தி."

"வாத்தியாருங்க என்னை வாயில போட்டு மென்னுடுவாங்க. அப்பா வெளிய போய்ச் சம்பாதிச்சுக் கொண்டாரணும், அம்மா வீட்டைப் பாத்துக்கணும்னு ஒரு பக்கம் பாடம் நடத்துறாங்க. இங்க என்னடான்னா அப்பன் சாப்பிடாம கொள்ளாம புள்ளைய வாயில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். அம்மான்னு மாத்திடுங்க. மீன் மூஞ்சியில ஆணா பொண்ணான்னு எழுதியா ஒட்டியிருக்கு? படத்துல கை வைக்க வேணாம். ஒரே ஒரு வார்த்தை."

முதலாளி டீச்சரம்மாவைக் கேட்கலாம் என்றால், அவர் உடம்பு சரியில்லாமல் புரசைவாக்கத்தில் படுத்திருக்கிறார். ஆள் போய் வருவதற்குள் மதியம் ஆகிவிடும். இன்று பாரம் ஓடாவிட்டால் பைண்டிங் தள்ளிப்போகும். பள்ளிகள் திறந்த பிறகு புத்தகத்தை யார் வாங்குவார்கள்? காதர் பாய் கையில் துணியை வைத்துக்கொண்டு நின்றார். முதலாளி சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீதானேப்பா வரைஞ்சே. நீ என்ன சொல்றே?"

அதுவரை அந்த அச்சகத்தில் யாரும் என்னை ஒரு விஷயத்தில் என்ன சொல்கிறாய் என்று கேட்டதில்லை. பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். தயாராக இருக்கும்போது வராது. அன்றைக்கு என் மனசு முழுக்க வீட்டில் கட்டி வைத்த மூட்டையில் இருந்தது. முடியாது என்று சொல்லி, புத்தகம் முழுவதும் திரும்பி வந்துவிட்டால்? சரி என்று சொல்லி, டீச்சரம்மா எழுந்து வந்து என்னைப் பார்த்தால்? ஒரு வார்த்தைதானே, எந்தக் குழந்தை போய் மீன் வயிற்றைக் கீறிப் பார்க்கப்போகிறது? இப்படி நாலா பக்கமும் ஓடிய புத்திக்கு நடுவில் ஒன்று மட்டும் அசையாமல் இருந்தது. அந்த ஒட்டிப்போன வயிறு. அதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன்.

"மாத்த வேண்டாங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன?"

"மாத்த வேண்டாங்க. நான் பாத்து வரைஞ்சது அப்பாவை. அம்மான்னு போடணும்னா அம்மாவைப் பாத்து வேற படம்தான் போடணும். அப்படி ஒண்ணு கடல்ல இல்லீங்க."

ஏஜென்ட் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பசங்க சிரிப்பாங்கப்பா."

"சிரிக்கட்டுமே சாப்" என்றார் காதர் பாய். "இஸ்கூல் புஸ்தகத்தைப் பாத்துப் பசங்க சிரிச்சி நீங்க எங்கனா பாத்துக்கீறீங்களா?"

முதலாளி தாளை வாங்கி இன்னொரு முறை பார்த்தார். அவருக்கும் நஷ்டம் வந்தால் தாங்காது, எல்லோருக்கும் தெரியும். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஓட்டு பாய்" என்றார். ஏஜென்ட், திரும்பி வந்தால் அது உங்கள் பொறுப்பு என்றார். ஆகட்டும் என்றார் முதலாளி.

மிஷின் ஓடத் தொடங்கியதும் வாசல் வெயிலைப் பார்த்து மணி என்ன இருக்கும் என்று கணக்குப் போட்டேன். காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"அதான் முடிஞ்சுதே, இன்னும் ஏன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டிருக்கே?"

"பொண்ணை இன்னிக்கு ஊருக்கு அனுப்பறேங்க. அவ பெரியம்மாவோட."

"எதுக்கு?"

"பாத்துக்க ஆள் இல்லீங்க. தேசம்மா மீன் விக்கப் போற நேரத்துல..."

"இங்க கூட்டி வாயேன். பேப்பர் குடோன் பக்கத்துல இடமா இல்லை? நீ ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"அனுப்பறேன்னு வாக்குக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சுங்க."

"ஏஜென்ட் முகத்தைப் பாத்து முடியாதுன்னு சொன்னவன், சொந்தக்காரங்ககிட்ட சொல்ல மாட்டியா?" என்றார். "கிளம்பு. இந்தப் பாரத்துல உனக்கு இனிமே வேலை இல்லை."

காதர் பாய் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தினார்: "கூட்டியாந்தா மிஷினாண்ட வுடாத. அத்த மட்டும் பாத்துக்கோ!"

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம், பெட்டிக்கடை, ரயில்வே கேட் எல்லாவற்றையும் பார்த்து முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். என்ன சொல்வது என்று ஒத்திகை. வாசலில் மதினி உட்கார்ந்திருந்தார். மூட்டை பக்கத்தில். பொன்னு தேசம்மாவின் மடியில் சாய்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது.

"மதினி, பிள்ளை இங்கயே இருக்கட்டும்."

மதினி நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்தான் நிறைந்தது.

"என் தங்கச்சிய இந்த ஊரு மண்ணுல விட்டுட்டுப் போனேன் தம்பி. பிள்ளையையும் விட்டுட்டுப் போன்னு சொல்லுதீகளா?"

மீனைப் பற்றிச் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. நல்லவேளை சொல்லவில்லை. அழுகிறவர்களிடம் போய் மீன் கதை சொல்லக் கூடாது.

"பயந்துதான் மதினி சரின்னு சொன்னேன்" என்றேன். "கிணத்துல விழுந்துருவாளோ, காய்ச்சல் வந்துருமோன்னு பயம். அவ அங்க இருந்தாலும் நான் பயந்துகிட்டுத்தான் இருப்பேன். என் குணம் உங்களுக்குத் தெரியும். இங்க இருந்தா, பயந்த உடனே போய்ப் பாத்துக்கிடலாம்ல. முதலாளி அச்சாபீசுக்கே கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு."

துறைமுகத்துப் பக்கம் சங்கு ஊதி ஓய்ந்தது. மதினி மூக்கைச் சிந்திக்கொண்டார். பொன்னுவைப் பார்த்தார். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்ற பின்னலைப் பார்த்தார்.

"இது யாரு பின்னுனது?"

"நான்தான்."

"யாரு சொல்லித் தந்தா?"

"இவங்க வீட்டுக்காரர்."

"அவரு என்ன சோலி பாக்காரு?"

"கட்டுமரம்."

மதினிக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. தேசம்மா அதற்காகவே காத்திருந்த மாதிரி, "நான் அப்பவே சொன்னேங்கா, இது மரத்துக்குக் கட்ற கவுறுன்னு! இந்த ஆளு கேட்டாத்தான!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏட்டி, இங்க வா" என்று மதினி பொன்னுவை இழுத்து முன்னால் உட்கார வைத்துக்கொண்டார். பின்னலை அவிழ்த்து, சிக்கெடுத்து, முடியை மூன்றாகப் பிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னத்த நிக்கீக? கிட்ட வந்து பாருங்க. மூணு காலையும் சமமா எடுக்கணும். இறுக்கப்பிடாது, பிள்ளைக்குத் தலை வலிக்கும். கயிறு அறுந்துருமோன்னு இறுக்குவாக. இது அறாது."

ஒரு முறை பின்னிக் காட்டினார். அவிழ்த்துவிட்டு என்னைப் பின்னச் சொன்னார். நான் பின்னினேன். சரியில்லை என்று மறுபடி அவிழ்க்கச் சொன்னார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கடை வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிடும்வரை இதே நடந்தது. போகும்போது மூட்டையை மனமில்லாமல் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். "ஒழுங்காப் பாக்கலைன்னு கேள்விப்பட்டேன், அடுத்த ரயில்ல வந்து நிப்பேன்" என்றார்.

புத்தகம் எப்படிப் போயிற்று என்று கேட்பீர்கள். சில பள்ளிகள் திருப்பின. சில பள்ளிகள் கூடுதலாகக் கேட்டன. அதில் கெளுத்தியால் எது, கரடியால் எது என்று எனக்குத் தெரியாது. முதலாளி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சரம்மா எழுந்து வந்து புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பக்கத்தில் நிறுத்தி, "நல்லாப் பார்த்திருக்கீர்" என்றார். அதற்கடுத்த புத்தகத்தில் சிட்டுக்குருவிக் கூடு வந்தபோது நான் காலையெல்லாம் அச்சகத்து உத்திரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஆணும் பெண்ணும் மாறி மாறி உள்ளே போயின, வெளியே வந்தன. இரண்டையும் உள்ளே வைத்து வரைந்தேன். கோழிப் பக்கத்தில் அம்மாதான் இருந்தாள். அங்கே அவள்தான் இருக்கிறாள், அதனால். கூட்டுக்குள் இன்னார்தான் இருக்க வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. வைப்பதற்கு முன் எட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஏதோ ஒரு வீட்டில், நீங்கள் வரைந்ததைப் பார்த்து, இந்தப் படத்தில் எனக்கு இடம் இல்லையே என்று ஒருவர் தன் பிள்ளையின் துணியை மூட்டை கட்டிக்கொண்டிருக்கலாம்.

பயப்படுகிற குணம் உங்களில் யாருக்காவது இருந்தால் அதற்காக வெட்கப்பட வேண்டாம். பயந்தவன்தான் இரண்டாம் தடவை பார்ப்பான். என்ன சொல்கிறாய் என்று உங்களைக் கேட்கிற முதலாளி கிடைக்க வேண்டும், அது பாக்கியம். எனக்குக் கிடைத்தது.

பொன்னு என் மேஜைக்கு அடியிலேயே வளர்ந்தாள். அச்சுக் கோத்த எழுத்துகளைத் தலைகீழாகப் படிக்கத்தான் அவளுக்கு முதலில் வந்தது. ஈய எழுத்தை வாயில் வைக்காதே, வாயில் வைக்காதே என்று நான் நாள் முழுவதும் கத்துவேன். காதர் பாய்கூட அதே மாதிரி கத்திக் கேலி செய்வார். மதினி ஒவ்வொரு கோடைக்கும் வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பொன்னுவைத் திருப்பி நிறுத்தி, பின்னலைத் தூக்கிப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். அவிழ்த்துவிட்டு, புதிதாகப் பின்னிவிடுவார். வருஷா வருஷம் இதுதான்.

ஒரு கோடையில் வந்தார். பின்னலைத் தூக்கிப் பார்த்தார். கையில் நிறுத்தியபடி அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு உதட்டைப் பிதுக்காமல், அவிழ்க்காமல், அதை அவள் முதுகில் மெதுவாக விட்டுவிட்டு உள்ளே போனார்.